இளைஞர் துயரை எம்மொழியில் கேட்பீர்?

நுரைச்சோலையை நாடறியும். ஒருபுறம் புத்தளம் கடலேரி, மறுபுறம் இந்து மாக்கடல், இடையே மணற்பரப்பு. அம்மணலில் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவித்து வந்த கற்பிட்டிக் குடாநாட்டு ஊர், இன்று நாட்டின் மிகப் பெரிய மின்நிலையத்தைத் தாங்கி நிற்கிறது. 2011ஆம் ஆண்டில் அதன் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டில் மூன்றும் நிறைவுற்றன. மொத்தம் 900 மெகாவாட்! அவற்றுள் ஒன்று பழுதுற்று நின்றால் கொழும்பு பதறுகிறது. அமைச்சர் அறிக்கை விடுகிறார். பொறியியலாளர் விரைகின்றனர். பழுது நீங்கும் நாளையும் நேரத்தையும் குறித்துச் சொல்கின்றனர். நன்று, அப்படித்தான் செய்யவேண்டும்.

ஆனால் அதே ஊரில், அந்தப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும் தொலைவில், ஒரு வாலிபனின் உள்ளம் ஓய்ந்து நிற்கிறது. இரவெல்லாம் உறக்கமில்லை. பகலெல்லாம் பேச்சில்லை. உண்ண மனமில்லை. "நான் இருந்து என்ன பயன்?" என்னும் ஒரே கேள்வி அவனை அரித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு யார் பதறுகிறார்? எந்த அமைச்சர் அறிக்கை விடுகிறார்? பழுது பார்க்க எவர் விரைகிறார்? அப்படியே ஒருவர் வந்தாலும், அவ்வாலிபன் சொல்வது அவருக்கு விளங்குமா? அவர் சொல்வது அவனுக்கு விளங்குமா?

இதுவே நாம் இன்று எழுப்பும் வினா. உள்ளம் உடைந்த இளைஞனின் சொல்லை அவன் தாய்மொழியில் கேட்க, பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும். அவன் நடந்தோ பேருந்திலோ சென்று சேரும் தூரத்தில் வேண்டும். நாம் கேட்பது சலுகை அன்று, பிச்சை அன்று. உயிர் காக்கும் கடமையையே கேட்கிறோம்.

யார் இந்த இளைஞர்?

மணலைப் பொன்னாக்கப் பாடுபடும் தோட்டக்காரனின் மகன். அலையை நம்பி வாழும் மீனவனின் மகன். மத்திய கிழக்கு நாடொன்றில் பிறர் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டு, தன் பிள்ளையின் குரலைத் தொலைபேசியில் மட்டும் கேட்கும் தாயின் மகள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களுள், உடுத்த உடையோடு புத்தளம் மண்ணில் வந்திறங்கிய ஒருவரின் பேரப்பிள்ளை. இஸ்லாமியராயினும், கத்தோலிக்கராயினும், இந்துவாயினும், இவர்கள் தமிழ் பேசும் மக்கள். தமிழில் சிரிப்பவர்கள். தமிழில் அழுபவர்கள்.

இவர்கள் தலைமேல் விழுந்த அடிகள் ஒன்றா, இரண்டா? 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடை செய்தது, தோட்டக்காரன் கடனாளியானான். சில மாதங்களில் தடை நீங்கியது, கடன் நீங்கவில்லை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பண்டங்களின் விலை முந்திய ஆண்டினும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. அடகுச் சீட்டைத் தந்தை மடித்து வைப்பதை வீட்டிலுள்ள பிள்ளை பார்க்கிறது. பார்த்துவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறக்கிறது. அப்பிள்ளையின் நெஞ்சில் என்ன நடக்கிறதென்று எவரேனும் கேட்டதுண்டா?

ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. 1990இல் வடக்கை இழந்து, புத்தளம் மாவட்டத்தில் இருபதாண்டுக் காலம் அகதியெனவே வாழ்ந்தவர்களுள் 450 பேரை டாக்டர் செஸ்மல் சிறிவர்தனவும் அவரைச் சார்ந்த ஆய்வாளரும் ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 18.8 பேரிடம், அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம், பொதுவாகக் காணப்படும் உளநோய்களுள் ஏதோ ஒன்று இருந்தது. கொடிய நிகழ்ச்சியின் நினைவால் எழும் நோய் நூற்றுக்கு 2.4 பேரிடமே காணப்பட்டது. எஞ்சியோரை வாட்டியவற்றோடு சேர்ந்து நின்றவை எவை? வேலையின்மை, துணையை இழந்த தனிமை, அடுத்த வேளை உணவுக்கு உறுதியின்மை. "பழையதை மறந்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று உபதேசம் செய்வோர் இதைச் சற்றே கவனிக்கட்டும். அவர்களைப் பெரிதும் வருத்தியது பழைய நினைவன்று, இன்றைய வாழ்வு!

அந்த ஆய்வு இன்னுமோர் உண்மையையும் காட்டுகிறது. காரணம் காணவியலாத உடல் வலியாக உளத்துயர் வெளிப்பட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர். தலைவலி என்பார்கள், மேல்வலி என்பார்கள், நெஞ்சு அடைக்கிறது என்பார்கள். வைத்தியசாலையின் நீண்ட வரிசையில் அரைநாள் நின்று, அரை நிமிடம் மருத்துவர் முன் இருந்து, நான்கு பனடோலோடு திரும்புவார்கள். வலி திரும்பவும் வரும். உள்ளம் சொல்லத் தெரியாததை உடல் சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்பார்தான் இல்லை.

விதி அன்று

"எல்லாம் தலையெழுத்து. சாக வேண்டுமென்று நினைத்தவனைத் தடுக்க யாரால் முடியும்?" என்பவர்கள் நம்மிடையே உண்டு. இந்தச் சோம்பேறித் தத்துவத்தை இந்நாட்டின் வரலாறே பொய்ப்பித்திருக்கிறது.

1950ஆம் ஆண்டுக்கும் 1995ஆம் ஆண்டுக்கும் இடையில் இலங்கையில் தன்னுயிர் மாய்த்தோர் விகிதம் எட்டு மடங்காயிற்று. 1995இல் நூறாயிரம் பேருக்கு 47 என்னும் கொடிய உச்சத்தை அது தொட்டது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களுள் ஒன்று! விதிதான் காரணமென்றால், அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் விதி எட்டு மடங்காகப் பெருகியதா? இல்லை. பெருகியது கொடிய பூச்சிமருந்து. ஒரு நொடி வெறுப்பில், ஒரு நாள் சண்டையில் கை நீட்டியவர்கள், நீட்டிய கையை மடக்கிக்கொள்ள அவகாசமின்றி மாண்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1984ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 2011 வரை அப்பணி படிப்படியாகத் தொடர்ந்தது. 1997இல் ஜனாதிபதி குழுவொன்று அமைந்தது. உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. 1995இல் உச்சத்திலிருந்த விகிதம் 2005இல் பாதியாயிற்று, பின்னரும் இறங்கியது. 1995 முதல் 2015 வரை இத்தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று அறிஞர் கணக்கிட்டனர். உலக சுகாதார நிறுவனமும் அக்கணக்கை எடுத்துரைத்தது. தடையினால் விளைச்சல் குன்றுமென்று சிலர் அஞ்சினர். விளைச்சல் குன்றியதாகக் கணக்குகள் காட்டவில்லை.

93,000 பேர்! புள்ளியென்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். அவர்கள் இன்று தந்தையர், தாயர், ஆசிரியர், மீனவர். சாவை விரும்பி நின்றவர்கள் என்று நாம் நினைத்தோரில் பெரும்பாலோர், அந்த ஒரு வேளை கடந்ததும் வாழவே விரும்பினார்கள். முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் அவ்வழியில் இறப்பதில்லை என்பது உலகெங்கும் கண்டறிந்த உண்மை. இளைஞன் வேண்டுவது சாவை அன்று, வேதனையின் முடிவை. இரண்டும் வேறு வேறு.

அரசாங்கம் தன் கடமையைத் தனி மனிதன் தலையில் கட்டினால் என்னாகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53,000க்கு மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கிப் பெரிய சோதனையொன்று நடந்தது. அக்கிராமங்களில் ஒரு பகுதியில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க வீடுதோறும் பெட்டி கொடுத்தார்கள். முடிவு 2017இல் வெளியாயிற்று: பெட்டியால் பயன் விளைந்ததாகக் காணப்படவில்லை! பெட்டி கொடுத்துக் கைகழுவுவது எளிது. சட்டம் செய்து கடையிலிருந்தே நஞ்சை அகற்றுவது கடினம். கடினமானதே உயிர் காத்தது. இது நாம் மறக்கக்கூடாத பாடம்.

தப்பிய உயிருக்கு யார் துணை?

ஆயினும் நஞ்சை அகற்றியது பாதி வேலையே. அது இளைஞனுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அந்த அவகாசத்தில் அவனருகே வந்து அமர்பவர் யார்? அவனிடம் பேசுபவர் யார்? எந்த மொழியில் பேசுவார்?

கால் முறிந்தால் கதிர்ப்படம் எடுத்துப் பார்க்கலாம், எலும்புக்கு மொழியில்லை. இரத்தத்தில் சர்க்கரையை ஒரு துளியில் அளக்கலாம். இரத்தம் எம்மொழியும் பேசாது. உள்ளத்தின் முறிவை எக்கருவி கொண்டு பார்ப்பது? அங்கே சொல்தான் கதிர்ப்படம். சொல்தான் சோதனைக் குழாய். பாதி மருந்தும் சொல்தான். சொல் விளங்காத இடத்தில் உளமருத்துவம் இல்லை. மாத்திரை இருக்கலாம், மருத்துவம் இல்லை.

"யோசனை கூடிப்போச்சு" என்கிறாள் கற்பிட்டிப் பெண். அந்த 'யோசனை' சிந்தனையன்று, கவலை. "மனம் சரியில்லை" என்கிறான் இளைஞன். அச்சொற்களில் எவ்வளவு இருளென்பது தமிழறிந்தவருக்கே தெரியும். இவற்றை மொழிபெயர்ப்பவர் யார்? வரிசையில் நிற்கும் அயலவரா? அயலவர் காதில் விழுந்தது அந்திக்குள் ஊர் முழுவதும் பரவாதா? தாயின் துயரைப் பன்னிரண்டு வயது மகன் மொழிபெயர்ப்பதா? "சாக வேண்டும் போலிருக்கிறது" என்று சொல்லும் தாய், அதைத் தன் பிள்ளையின் வாயாலா சொல்லுவாள்? சொல்லமாட்டாள். தலைவலி என்பாள், மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவாள்.

சிங்கள மருத்துவர்மீது நமக்குக் குறையில்லை. இரவு பகலாக உழைக்கும் அவர்களுள் பலர் அரைகுறைத் தமிழில் அன்போடு பேச முயல்வதையும் நாம் அறிவோம். அன்பு குறைவன்று, ஏற்பாடு குறைவு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் அதனை விரித்துரைத்தது. தாளில் எழுதிய உரிமை தலையணையை நனைக்கும் பிள்ளைக்கு எப்போது எட்டும்? பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்துப்பிழையோடு நின்றால் நாம் கொதிக்கிறோம். மருத்துவமனை அறைக்குள் தமிழ் அறவே இல்லையென்றால் அதைவிடப் பன்மடங்கு கொதிக்கவேண்டாமா? பலகையின் பிழையால் மானம் போகும். அறையின் மௌனத்தால் உயிர் போகும்!

சட்டத்தைத்தான் பாருங்கள். உளநோய் பற்றி இந்நாடு கைக்கொண்ட கட்டளைச் சட்டம் 1873ஆம் ஆண்டில் வெள்ளையர் எழுதியது. 1956இல் திருத்தம் பெற்றது. சுனாமிப் பேரழிவின் பின் 2005ஆம் ஆண்டில் பத்தாண்டுக்கான உளநலக் கொள்கையொன்றை அரசாங்கம் ஏற்றது. அங்கொடையில் குவிந்திருந்த மருத்துவத்தை மாவட்டங்களுக்குப் பரப்புவோம் என்றது. புதிய சட்டம் இயற்றுவோம் என்றது. மாவட்டங்களில் பணிகள் பரவின, அதை மறுக்கவில்லை. ஆனால் கொள்கையின் பத்தாண்டும் 2015இல் முடிந்தபோது, வாக்களித்த சட்டம் வந்திருக்கவில்லை.

மறுப்போருக்கு மறுமொழி

"பணமில்லை, உளமருத்துவ நிபுணரை ஊர்தோறும் இருத்த இயலுமா?" என்பார்கள். ஊர்தோறும் நிபுணரை நாம் கேட்கவில்லை. ஆபிரிக்காவில் சிம்பாப்வே என்னும் ஏழை நாட்டைப் பார்க்கட்டும். அங்கே டாக்டர் டிக்சன் சிபாண்டா என்னும் உளமருத்துவர் 2006ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். மருத்துவ நிலைய வளவில் ஒரு மர வாங்கு; அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. துயருற்றவர் வந்து அமர்ந்தால் அப்பாட்டி கேட்பாள். சிக்கலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்க்கத் துணை நிற்பாள். மேலைநாட்டு நோய்ப் பெயர்களை அவள் உச்சரிப்பதில்லை. 'மிதமிஞ்சி யோசித்தல்' என்று அவர்களுடைய ஷோனா மொழியில் ஒரு சொல் உண்டு. அதைக் கொண்டே பேச்சைத் தொடங்குவாள். நம்முடைய "யோசனை கூடிப்போச்சு" என்பதும் அதுவேயன்றோ? ஹராரே நகரில் 573 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் ஆறு மாதத்தின் பின் மனச்சோர்வின் அறிகுறிகள் எஞ்சியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 50. பாட்டியின் வாங்கில் அமர்ந்தவர்களுள் ஏறத்தாழ 14. மர வாங்குக்கும் இந்நாட்டில் பணமில்லையா? பாட்டிமாருக்கா நம்மிடம் பஞ்சம்?

"சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தவர்கள் ஆவோம்" என்று அஞ்சுவோர் உண்டு. நல்ல மனத்தோடு எழும் அச்சம். ஆயினும் தவறான அச்சம். பரிவோடு நேராகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை. ஏற்கெனவே அந்த எண்ணத்தைத் தனியே சுமப்பவனின் பாரத்தை அது இறக்கி வைக்கிறது. 1953ஆம் ஆண்டில் இலண்டனில் சாட் வரா என்னும் பாதிரியார் தொலைபேசியருகே அமர்ந்து கேட்கத் தொடங்கியதும் இவ்வுண்மையை நம்பியே. இலங்கையில் 1974இல் தோன்றிய சுமித்ரயோவும், சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகாவும் நடப்பது அந்த வழியிலேயே.

"இக்காலப் பிள்ளைகளுக்கு மனவுறுதி இல்லை, நாம் படாத பாடா?" என்பார் சில பெரியோர். ஐயா, உலகில் பதினைந்து முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ளோரின் இறப்புக்குக் காரணங்களுள் இது மூன்றாவது இடத்தில் நிற்கிறது. பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோரில் எழுவருள் ஒருவருக்கு ஏதோ ஓர் உளநோய் உண்டென்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுப் பள்ளிகளில் 2016இல் நடந்த கணக்கெடுப்பில், பதின்மூன்று முதல் பதினேழு வயது மாணவருள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில், முந்திய ஓராண்டுக்குள் அந்த எண்ணம் தமக்குத் தீவிரமாக எழுந்ததென்று எழுதிக் கொடுத்தனர். நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பொன்றில் மூவர் அல்லது நால்வர்! இத்தனை பிள்ளைகளும் கோழைகளா? மலேரியா கண்டவனைக் கோழை என்பீர்களா? சோர்வு நோயும் நோயே. பேச்சாலும் மருந்தாலும் அதைக் குணப்படுத்தலாம்.

நம் வீட்டுக் கதவையும் தட்டுவோம்

அரசாங்கத்தை மட்டும் சாடிவிட்டு நம் சமூகத்துக்கு நற்சான்று கொடுத்தால் நாம் நேர்மையற்றவராவோம். உளமருத்துவரிடம் ஒரு முறை சென்றவனை 'விசர்' என்று முத்திரை குத்துவது யார்? கொழும்பா? இல்லை, நம் தெரு. "வெளியே தெரிந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை கிடையாது" என்று மருந்துச் சீட்டைக் கிழித்தெறிவது யார்? நம் வீடு. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியான நாளில் "உன் பிள்ளைக்கு எத்தனை ஏ?" என்று வேலிக்கு மேலாகக் கேட்பது யார்? நம் அயல். தேர்வில் தவறிய மகனிடம் "நீ எதற்கு உயிரோடு இருக்கிறாய்?" என்று கோபத்தில் சொல்லிவிடும் தந்தை நம்மிடையே இல்லையா? அவர் ஒரு நொடியில் சொல்லி மறந்துவிடுவார், மகன் மறப்பதில்லை.

மதத் தலைவர்களுக்கும் ஒரு சொல். உயிர் இறைவன் தந்த அமானிதம் என்று பள்ளிவாசல் போதிக்கிறது. கோயிலும் தேவாலயமும் உயிரின் புனிதத்தைப் போதிக்கின்றன. அது உண்மையானால் அமானிதத்தைக் காப்பது ஊரார் அனைவரின் கடமையன்றோ? பாவம், பாவம் என்று மேடையில் முழங்கினால், அந்த எண்ணத்தோடு போராடும் பிள்ளை வாயை இன்னும் இறுக மூடிக்கொள்ளும். ஜும்ஆப் பிரசங்கத்திலும் ஞாயிறு மறையுரையிலும் "உங்கள் மனம் நொந்திருந்தால் எம்மிடம் வாருங்கள், மருத்துவரிடம் நாமே அழைத்துச் செல்கிறோம்" என்று ஒரு வாக்கியம் சேருங்கள். அந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரை நிறுத்தும்.

ஏடுகளின் கடமையும் பெரிது. இறந்த பிள்ளையின் படத்தை முதற்பக்கத்தில் போட்டு, இறந்த விதத்தை வரி வரியாக வர்ணித்து, "காதல் தோல்வியா?" என்று தலைப்பிட்டு விற்பது பத்திரிகைத் தொழிலன்று, பிணத்தின் மேல் வாணிகம். அத்தகைய செய்தி, தத்தளிக்கும் இன்னொரு பிள்ளையையும் இழுத்துச் செல்லும் என்பது பல நாடுகளில் கண்டறிந்த உண்மை. எழுதவேண்டியது, மீண்டு வந்தவர்களின் கதையை; உதவி கிடைக்கும் இடத்தை.

நம் கோரிக்கைகள்

சுகாதார அமைச்சையும், வடமேல் மாகாண நிர்வாகத்தையும், தமிழ் பேசும் மக்களின் வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றோரையும் நோக்கிக் கேட்கிறோம்:

ஒன்று: புத்தளம் மாவட்டத்தில் உளநலப் பணியிலுள்ள மருத்துவர், தாதியர், உளவளத்துணையாளர் ஆகியோருள் தமிழில் சரளமாகப் பேசுவோர் எத்தனை பேர்? எண்ணிக்கையை வெளியிடுங்கள். எண்ணப்படாத குறை என்றும் தீராது.

இரண்டு: கற்பிட்டிக் குடாநாட்டில், கிழமைதோறும் குறித்த நாளில், கதவடைத்த தனியறையில், தமிழில் உளநல ஆலோசனை நடக்கவேண்டும். நோயாளியின் பிள்ளையோ அயலவரோ மொழிபெயர்க்கும் நிலை ஒழியவேண்டும்.

மூன்று: ஒவ்வொரு தமிழ்மொழிப் பாடசாலையிலும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கு முறையான பயிற்சியும், அப்பணிக்கென ஒதுக்கிய நேரமும் வேண்டும். வராத ஆசிரியரின் வகுப்பை நிரப்புபவராக மட்டும் அவரை நடத்தாதீர்கள்.

நான்கு: தேர்வுப் பெறுபேறு வெளியாகும் வாரத்திலேயே, தவறிய ஒவ்வொரு மாணவரையும் பாடசாலை அழைத்துப் பேசி, அடுத்த வழியைக் காட்டவேண்டும். தவறியவர் ஓராண்டு காத்திராமல் விரைவில் மீண்டும் எழுதத் தமிழ்நாடு துணைத்தேர்வு வைத்தது. அந்த முறை இங்கும் ஆராயப்படட்டும்.

ஐந்து: ஊரில் மதிப்புப் பெற்ற தாய்மாரைத் தேர்ந்து, பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, துயர் கேட்கும் பணியில் அமர்த்துங்கள். மின்நிலையம் உற்பத்தி செய்யும் செல்வத்தில் ஒரு துளி இதற்குப் போதும்.

ஆறு: உதவித் தொலைபேசியை எடுத்தால், எந்த நேரத்திலும், முதற் சொல்லே தமிழில் கிடைக்கவேண்டும்.

இளைஞனே, தங்கையே!

இறுதியாக உன்னிடம் பேசுகிறோம். இதை வாசிக்கும்போது உன் உள்ளம் இருண்டிருக்கலாம். உன்னால் வீட்டுக்குப் பாரமென்று நினைக்கலாம். அந்த நினைப்பு நோயின் குரல், உன் குரலன்று. இன்று எந்த வழியும் தெரியாதிருப்பது உண்மை. வழியே இல்லையென்பது உண்மையன்று. இதே இருட்டில் நின்ற ஆயிரமாயிரம் பேர் இன்று வெளிச்சத்தில் நடக்கின்றனர். இன்றே ஒருவரிடம் சொல். தாயிடம், அண்ணனிடம், ஆசிரியரிடம், தோழனிடம், யாரேனும் ஒருவரிடம். சுற்றி வளைக்காமல், "வாழவே பிடிக்கவில்லை, எனக்குத் துணை வேண்டும்" என்று சொல். ஒருவர் செவிசாய்க்காவிடில் இன்னொருவரிடம் சொல். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் எண்ணையோ, 1333 என்னும் ஆலோசனை எண்ணையோ அழை. ஆபத்து அருகில் என்று தோன்றினால் தனியே இராதே. உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்.

அவனுடைய தோழனே, உனக்கும் பணி உண்டு. விளையாட்டுத் திடலுக்கு வருவதை அவன் நிறுத்திவிட்டானா? தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கிறானா? "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்கிறானா? அதைக் கேலியென்று தள்ளாதே. அருகே அமர், நேராகக் கேள், உபதேசத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இரு. "எவரிடமும் சொல்லாதே" என்று அவன் சத்தியம் வாங்கினாலும், அந்தச் சத்தியத்தைவிட அவன் உயிர் பெரிது. பெரியவர் ஒருவரிடம் சொல். அவன் வீட்டில் பூச்சிமருந்து இருந்தால், அதை வீட்டை விட்டே அப்புறப்படுத்தச் சொல். அவன் மருத்துவரிடம் செல்லும் நாளில் கூடவே பேருந்தில் ஏறு.

ஆட்சியாளர்களே! நஞ்சைத் தடை செய்யத் துணிந்த நாடு இது. அத்துணிவால் பல்லாயிரம் உயிர் காத்த நாடு இது. உலகம் அதை எடுத்துக்காட்டிப் பேசுகிறது. எஞ்சியிருக்கும் நஞ்சு மௌனம். அதற்கு மாற்று, தாய்மொழியில் பரிவோடு கேட்கும் ஒரு செவி. நுரைச்சோலையின் இயந்திரம் நின்றால் ஓடி வருகிறீர்கள். நுரைச்சோலையின் பிள்ளை நிலைகுலைந்து நிற்கிறது. அதற்கும் ஓடி வாருங்கள். வரும்போது தமிழறிந்த ஒருவரை அழைத்து வாருங்கள்.